பெஞ்சுக்கு வாடகை

"முதலாளிய விட்டு வெளிய வந்துட்டோம். கட்டணத்தையும் குறைச்சோம். இப்ப அதைத் திரும்ப ஏத்த வேண்டி நிக்குது. எங்கதான் தப்பு?" என்று கேட்டார் பத்மாசனி.

சூசையம்மாள் நிமிரவில்லை. கையிலிருந்த சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க டீச்சர். அந்தப் பெட்டி மேல வேணாம். எண்ணெய்."

பத்மாசனி வேறு பெட்டி தேடி உட்கார்ந்தார்.

அவர் வயலின் ஆசிரியர். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக மற்றவர்களைத் தன் எதிரில் பாய் போட்டு உட்காரவைத்தவர். கேள்வியோடு போய் ஒருவர் எதிரில் உட்கார்வது அவருக்குப் பழக்கமில்லை. அதுவும் தன்னைவிடப் பதினான்கு வயது இளையவர் எதிரில். சுரம் ஒன்றுகூடத் தெரியாதவர் எதிரில்.

ஆனால் திண்டுக்கல்லில் இந்தக் கேள்வியை வேறு யாரிடம் கொண்டுபோவது? சங்கம் வைத்தவர்கள் ஊரில் ஏராளம். சங்கத்தால் சோறு சாப்பிடுகிறவர்கள் இந்தப் பூட்டுப் பட்டறையின் பதினேழு பேர்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், வியாபாரி கொடுத்த கூலியை அவன் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தவர்கள். அன்றைக்கு அவர்களுக்காக மேடை ஏறிப் பேசியவர்கள் மேடை பிரித்ததும் போய்விட்டார்கள். பட்டறை இருக்கிறது.

மரியாதைக்காக ஒரு பூட்டைக் கையில் எடுத்தார் பத்மாசனி.

"அழகா இருக்கு. நீங்க செஞ்சதா?"

பட்டறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"சாவி நான்," என்றார் சூசையம்மாள். "உள்ள இருக்கிற லீவர் அந்தக்கா. வளையம் மூலையில உக்காந்திருக்கிறவ. தகடு வெட்டுறது, ஆணி அடிக்கிறது, பாலீஷ் போடுறது எல்லாம் வேற வேற ஆளு. ஒரு பூட்டுக்கு ஆறு கை. யார் செஞ்சதுன்னு கேட்டா நாங்க என்னத்தச் சொல்ல?"

"எங்க வேலை அப்படி இல்ல," என்றார் பத்மாசனி. அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

"சரி, உங்க கதையச் சொல்லுங்க."

பத்மாசனி சொன்னார்.

இசைப்பள்ளி ஒன்றில் ஆறு ஆசிரியர்கள் வேலை பார்த்தார்கள். மாணவரிடம் மாதம் ஆயிரத்து நானூறு. அதில் பாதி முதலாளிக்கு. அவருக்கு வயலினில் எத்தனை தந்தி என்று தெரியாது. ஒருநாள் ஆறு பேரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். கட்டணம் எழுநூற்றைம்பது. முதலாளியின் முகத்துக்கு நேரே பத்மாசனி சொல்லிவிட்டு வந்தார்: "இனிமே காசு இல்லைன்னு ஒருத்தர்கூட பாதியில நிக்க மாட்டாங்க."

பலத்த கைதட்டல். கைதட்டுவதில் இசைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. தாளம் தப்பாது.

ஒரு வருடம் ஆயிற்று. வீட்டு வாடகை கட்ட முடியவில்லை. மாதக் கடைசி ஞாயிறு பொதுக்குழு. கட்டணத்தை ஆயிரத்து இருநூறாக உயர்த்தத் தீர்மானம். செயலாளர் என்ற முறையில் அதை எழுதி வைத்திருப்பவரும் பத்மாசனிதான்.

"ஏத்திட வேண்டியதுதானே?" என்றார் சூசையம்மாள்.

"வேலுத்தாய் நின்னுடுவா."

"அது யாரு?"

"ஜவுளிக்கடையில சேலை எடுத்துப் போடுற பொண்ணு. முப்பத்தோரு வயசு. நாள் பூரா நின்னுட்டே இருக்கிறவ, வாரம் ஒருநாள் லீவு அன்னிக்கு எங்கிட்ட வந்து உக்காந்து வாசிக்கிறா. நான் முதலாளிகிட்ட அப்படிச் சொன்னப்ப என் பின்னாடி நின்னவ அவதான்."

அரம் நின்றது.

"புதுசா ஆள் சேருறதில்லையா?"

"வர்றாங்க. போன மாசம்கூட ஒரு ஆட்டோக்காரர் வந்தார். எங்களுக்குத்தான் நேரம் இல்ல. சாயங்காலம் பூரா பதில் வகுப்பு."

"பதில் வகுப்புன்னா?"

"கல்யாணக் கச்சேரி, கோயில் கச்சேரின்னு நாங்க போற அன்னிக்குப் பாடம் விட்டுப்போகுமே? அதை இன்னொரு நாள் எடுத்துக் குடுக்கணுமில்ல?"

"வேலுத்தாய்க்கு?"

"அவளுக்கு ஒருநாள்தான் லீவு. விட்டது விட்டதுதான்."

சூசையம்மாள் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி ராவத் தொடங்கினார்.

"டீச்சர், எனக்கு வயலின் சொல்லிக் குடுங்க."

"உங்களுக்கா?"

"ஏன், என் கைக்கு என்ன?"

அந்தக் கையைப் பத்மாசனி பார்த்தார். விரல் நுனியெல்லாம் இரும்புத் தூள் ஏறிக் கறுத்திருந்தது.

"என் கேள்விக்குப் பதில்?"

"முதல்ல பாடம். புதன்கிழமை நாலு மணிக்கு எனக்கு ஒழியும்."

*

புதன்கிழமை நாலு மணிக்குச் சூசையம்மாள் வந்தார். முதல் மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டி ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பத்மாசனி அவரைப் பாயில் உட்காரவைத்தார். வில்லைப் பிடிக்கக் காட்டினார். கட்டைவிரலை மடக்கி, நுனி மட்டும் மரத்தில் படும்படி வைத்தார்.

"இது என் குருநாதர் வச்ச இடம். இத்தனை வருஷத்துல நான் மாத்தினதில்ல."

அரம் பிடித்த கைக்கு வில் சீக்கிரம் பிடிபட்டது. தந்தியில் சத்தம் மட்டும் கழுத்தை அறுத்தது.

வேலுத்தாய்க்கும் அன்றைக்குத்தான் லீவு. அவள் அடுத்த முறைக்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

*

அடுத்த புதன் முகூர்த்த நாள். பத்மாசனி பழனிக்குக் கல்யாணக் கச்சேரிக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் நேரே பட்டறைக்குப் போனார்.

"மன்னிக்கணும். திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. உங்களுக்குத் தகவல் சொல்ல முடியல."

"பரவாயில்ல. நானும் வேலுத்தாயும் ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தோம். நல்ல பொண்ணு. கண்டாங்கிக்கும் சுங்குடிக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுத்தா."

"பக்கத்து அறையில மாசிலாமணி சார் இருந்தாரா?"

"இருந்தாரு. அவருகூட வயலின்தானே?"

"என்னைவிடப் பெரிய வித்வான்."

"அவரோட ஆளு யாரும் அந்த நேரத்துக்கு வரல. பேப்பர் படிச்சாரு. முதல் பக்கத்துல ஆரம்பிச்சு வரி விளம்பரம் வரைக்கும்."

"உங்களைப் பாத்தாரா?"

"பேப்பர விட்டு நிமிராமலே வணக்கம் சொன்னாரு. காப்பிகூட வாங்கி அனுப்பினாரு."

பத்மாசனியின் முகம் மலர்ந்தது.

"அதான் மாசிலாமணி சார்! அடுத்தவங்க சிஷ்யரை அவர் தொட மாட்டார். அவர் இல்லாதப்ப அவர் பிள்ளைங்க வந்தா நானும் தொட மாட்டேன். பெஞ்சுல உக்காந்துட்டுப் போவாங்க. அது எங்களுக்குள்ள ஒரு மரியாதை."

"ம்," என்றார் சூசையம்மாள்.

மறுபடி அரத்தை எடுத்து ராவத் தொடங்கினார்.

*

மூன்றாவது புதன். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவுக்கு இன்னும் நான்கு நாள்.

பத்மாசனி நாலு மணிக்குப் பாய் போட்டுக் காத்திருந்தார். சூசையம்மாள் வரவில்லை.

நாலே காலுக்குப் பக்கத்து அறையிலிருந்து தந்தியின் சத்தம் கேட்டது. கழுத்தை அறுக்கிற சத்தம்.

பத்மாசனிக்குக் காது சுட்டது. அந்தச் சத்தம் ஊரில் ஒரே ஒரு கையிலிருந்துதான் வரும்.

எழுந்து போய்க் கேட்கலாமா? கேட்பது அழகல்ல. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. முப்பது வருடத்தில் ஒரு சிஷ்யர் அவரைத் தாண்டி இன்னொரு பாயில் போய் உட்கார்ந்ததில்லை.

சத்தம் திடீரென்று நின்றது.

"இந்தக் கட்டைவிரல்..." என்றது மாசிலாமணியின் குரல். "இது பத்மாசனி டீச்சர் வைக்கிற கட்டைவிரலாச்சே?"

"ஆமா சார். அவங்கதான் வச்சாங்க."

"அடக் கடவுளே! அன்னிக்குப் பெஞ்சுல உக்காந்திருந்தவங்க நீங்கதானா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?"

"நீங்க கேக்கல. நேரம் இருக்குன்னு சொன்னீங்க, உக்காந்தேன்."

மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வழி தவறி வந்த கன்றைக் கொண்டுவந்து விடுகிறவர்போல் சூசையம்மாளைப் பத்மாசனியின் வாசல் வரை நடத்தி வந்தார்.

"மன்னிக்கணும் டீச்சர். உங்க சிஷ்யைன்னு தெரியாம நடந்துபோச்சு. கட்டைவிரலைக் கொஞ்சம் நிமித்தி வேற வச்சுட்டேன். என் பாணி வேற, உங்க பாணி வேற. குழம்பிடப்போகுது."

"நீங்க என்ன செய்வீங்க சார்," என்றார் பத்மாசனி. பிறகு சூசையம்மாளைப் பார்த்தார். குரல் தடித்தது. "நாலு மணிக்கு நான் இங்கதானே இருந்தேன்?"

"இருந்தீங்க."

"அப்புறம் ஏன் அங்க போனீங்க?"

"போனா என்ன ஆகும்னு பாக்கத்தான்." சூசையம்மாள் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பச் சொல்லுங்க. நான் யாரு ஆளு?"

மாசிலாமணி பத்மாசனியைக் கை காட்டினார்.

பத்மாசனி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். இன்னொருவர் கைபட்ட விரலைத் திருப்பி வாங்குவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"சரி," என்று சூசையம்மாள் போய்ப் பெஞ்சில் வேலுத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாசலில் இரண்டு வித்வான்கள். இரண்டு அறையும் காலி. இரண்டிலும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வாசல் கேட்டில் யாரோ ஒருவர் எட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துல நேரம் இருக்குங்களா?" என்றார். சாயங்காலம் பூரா பதில் வகுப்பு என்ற பழக்கத்தில் இருவருமே "இல்லை" என்று தலையாட்டினார்கள். அவர் போய்விட்டார்.

"எங்க பட்டறையில லீவர் போடுற அக்கா வராத அன்னிக்கு, இன்னொருத்தி லீவர் போடுவா," என்றார் சூசையம்மாள் பொதுவாக.

"பூட்டும் பாட்டும் ஒண்ணா அம்மா?" என்றார் மாசிலாமணி. அவருக்கும் சுருக்கென்று இருந்தது.

"இல்ல சார். பூட்டுக்கு லீவு கிடையாது. எத்தனை நாள் போட்டு வச்சாலும் கெடக்கும். வாரத்துல ஒருநாள் லீவுல வர்ற ஆளு அப்படிக் கெடக்க முடியுமா?"

வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

சூசையம்மாள் பெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"டீச்சர், இதுக்கு எவ்வளவு வாடகை?"

"பெஞ்சுக்கா? அது நாங்க சொந்தமா வாங்கினது. வீட்டுக்குத்தான் வாடகை."

"வேலுத்தாயி, விலை சொல்றது உன் வேலைதானே. நீ சொல்லு."

வேலுத்தாய் தயங்கினாள். பிறகு கடையில் சொல்வதுபோல் கணக்காகச் சொன்னாள்.

"நான் கட்டுறது மாசம் எழுநூத்தம்பது, அக்கா. நாலு புதன்ல ரெண்டு புதன் இதுலதான் உக்காந்திருக்கேன். பாதி இதுக்குத்தான் போகுது."

பத்மாசனி பெஞ்சைப் பார்த்தார். ஒரு வருடமாகத் தினமும் தாண்டிப் போகிற பெஞ்சு. உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வார்னிஷ் போய் வழவழப்பாகியிருந்தது. அந்த வீட்டில் எந்தப் பாயும் அவ்வளவு தேயவில்லை.

அறைக்குள் போனார். வயலின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தீர்மானத்தை எடுத்தார். படித்தார். மறுபடி பெட்டிக்குள் வைக்கவில்லை.

வாசலுக்கு வந்தார்.

"வேலுத்தாய்."

"டீச்சர்."

"வயலினை எடுத்துட்டு சார் அறைக்குப் போ."

வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்? அடுத்த மாசம்தான் நின்னுடப் போறேனே, அதுவரைக்கும் உங்ககிட்டயே..."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியாம யாரும் நிக்க வேணாம். அடுத்த புதனும் முகூர்த்தம். நான் இருக்க மாட்டேன். சார் இருப்பார். இன்னிக்கே பழகிக்கோ."

மாசிலாமணி கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"டீச்சர், யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இல்ல சார். யோசிச்சா சொல்ல மாட்டேன்."

மாசிலாமணி தன் அறைக் கதவை முழுக்கத் திறந்தார்.

"உங்க பிள்ளைங்க வந்தா இனிமே நானும் வெளிய உக்காரவைக்க மாட்டேன்," என்றார் பத்மாசனி.

வேலுத்தாய் உள்ளே போனாள்.

பத்மாசனி பாயில் உட்கார்ந்தார். சூசையம்மாள் எதிரில் உட்கார்ந்து வில்லை எடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் வேலுத்தாய் வாசிப்பது கேட்டது. ஓரிடத்தில் மாசிலாமணி நிறுத்தினார். பத்மாசனி இரண்டு வருடமாகத் திருத்தியும் திருந்தாத இடம் அது. அவர் ஏதோ சொன்னார். சொன்னது கேட்கவில்லை. மறுபடி வாசித்தது கேட்டது.

சரியாக வந்தது.

பத்மாசனி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவரின் மேல் அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"டீச்சர்," என்றார் சூசையம்மாள். "இந்தக் கட்டைவிரலை எங்க வைக்கணும்?"

பத்மாசனி சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவர் எங்க வைக்கச் சொன்னார்?"