தேய்ந்துபோன ‘ற்றி’

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து, ஊர்ப் பெயர்களைக்கூட மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. “பெயரை மாற்றினால் ஊர் மாறிவிடுமா?” என்று கேட்டு ஒரு ரகசியப் பத்திரிகை வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எழுத்துக் கோத்தவர் மஸ்தான்.

ஒருநாள் ஜப்பானிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் கோதண்டம் மஸ்தானின் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தார். ஊரிலுள்ள அச்சுக்கூடங்களுக்கெல்லாம் பட்டாளத்துச் செய்திகளைத் தமிழில் எழுதித் தருகிறவர் அவர்தான்.

“இந்தத் திருட்டுத் தாளில் ‘ற்றி’ பாதி தேய்ந்திருக்கிறது. உன் எழுத்துப் பெட்டியிலும் அப்படித்தான். போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு மூட்டை கட்டு, மஸ்தான்” என்றார் கோதண்டம்.

“ஐயா, எந்த அச்சுக்கூடத்திலும் அது தேய்ந்துதான் இருக்கும். பக்கத்துக்கு நாற்பது ‘வெற்றி’ எழுதித் தருகிறீர்களே. எழுத்துத் தேயாத கடைக்காரன் இருந்தால் அவனைப் பிடியுங்கள். உங்கள் செய்தியைப் போடாதவன் அவன்தான்.”

“என்ன சொல்கிறான்?” என்று அதிகாரி கேட்டார்.

அந்த நாற்பது ‘வெற்றி’யில் பாதி கோதண்டம் தானாகச் சேர்த்த சொந்தச் சரக்கு.

“நம் வெற்றியை அச்சடித்தே எல்லாக் கடையிலும் எழுத்து தேய்ந்துவிட்டதாம். புது எழுத்து கேட்கிறான்.”

அதிகாரி மகிழ்ந்துபோனார். மறுவாரமே ஊரிலுள்ள எல்லா அச்சுக்கூடங்களுக்கும் புது ஈய ‘ற்றி’ வந்து இறங்கியது.

அடுத்த ரகசியத் தாளிலும் அதே கேள்விதான். ‘மாற்றினால்’ என்பதில் ‘ற்றி’ மட்டும் இப்போது புதிதாய்ப் பளிச்சென்று இருந்தது. கோதண்டம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். யாரிடமும் காட்டவில்லை.