துப்பியதுதான் சைபர்

"துப்பிடுச்சு!" என்று கத்தினான் திருமணத் தகவல் மையத்தின் எடுபிடி அயோத்தி.

கணினியோடு இணைத்திருந்த இரண்டு டேப் பெட்டிகளில் இடப்பக்கத்ததிலிருந்து டேப் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"'சைபர், வெளிய துப்பு'ன்னு கட்டளை கொடுத்தோம்ல? அப்ப அதுதான் சைபர். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற லினக்ஸுக்கு அந்தப் பேர்தான் தெரியும். மற்றது ஒண்ணு. மறக்காம சீட்டு ஒட்டுங்க" என்றார் வேதநாயகம், திருச்சியிலிருந்து போனில். அந்தப் பழைய டேப் பெட்டிகளை வாங்கிவைத்தவர் அவர்தான்.

மையத்தின் கணினி படுத்து எழுந்ததில் அதிலிருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. ஜாதகங்கள் மிஞ்சியிருந்தது இடப்பக்க டேப்பில் மட்டும். அதுவும் நைந்த டேப். முதலில் நகல் எடுத்தாக வேண்டும். அந்தக் கட்டடம் கோழிப்பண்ணை ஆபீஸாக இருந்த காலத்துக் கோழிக் கணக்கு டேப் ஒன்று வலப்பக்கம் இருந்தது. அதன்மேல், சைபரிலிருந்து ஒன்றுக்கு, எழுத வேண்டும். மாறிப்போனால் மாப்பிள்ளைகள்மேல் கோழிகள் ஏறிவிடும் என்று வேதநாயகம் எச்சரித்திருந்தார்.

அந்த மாப்பிள்ளைகளில் மையத்தின் ஊழியன் பூவலிங்கமும் ஒருவன். நாற்பது தாண்டிவிட்டது. வீட்டிலிருந்த ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. சாயங்காலம் பெண்ணின் அப்பா ஜாதகம் பார்க்க வருகிறார்.

மூத்தவரான சிங்காரவேலு 'சைபர்' என்று எழுதி டேப்பின்மேல் ஒட்டினார்.

"பெட்டியிலதானே அண்ணே ஒட்டணும்?" என்றான் பூவலிங்கம்.

"வெளிய வந்தது எது? டேப்பு. பிள்ளை பொறந்தா ஆஸ்பத்திரிக்காடா பேர் வைக்கிறோம்?"

மற்ற டேப்பையும் எடுத்து 'ஒண்ணு' ஒட்டினார்கள். இரண்டையும் வேட்டி நுனியால் துடைத்தார்கள். திரும்பப் போடும்போது அயோத்தி தயங்கினான்.

"எது எந்தப் பெட்டி அண்ணே?"

"அதான் பேர் ஒட்டியாச்சே. எங்க போட்டா என்ன? உன் நாற்காலியில உட்கார்ந்தா நான் அயோத்தி ஆயிடுவேனா?"

ஜாதக டேப் வலப்பக்கம் போனது. கோழி டேப் இடப்பக்கம்.

"சீட்டு ஒட்டியாச்சா?" என்றார் வேதநாயகம் போனில்.

"பசை போட்டே ஒட்டியிருக்கு சார்" என்றார் சிங்காரவேலு.

பூவலிங்கம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு எண்டரைத் தட்டினான். பெட்டிகள் வெகுநேரம் முனகின.

சாயங்காலம் பெண்ணின் அப்பா வெள்ளியங்கிரி வந்தார். பூவலிங்கத்தின் முன்னால் முட்டை பப்ஸ் தட்டு இருந்தது. ஜாதகங்களில் பதினேழாம் எண் அவனுடையது. டேப்பில் பதினேழாவதை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

"எடை சீரா ஏறியிருக்கு. சீக்கு எதுவும் இல்லை. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கு" என்று படித்தார் வெள்ளியங்கிரி. "எந்த மாப்பிள்ளை வீட்டுலயும் இவ்வளவு விவரம் கொடுத்ததில்லைங்க. இதென்ன, கூண்டு நாலு?"

"வாடகை வீடுங்க" என்றார் சிங்காரவேலு.

வெள்ளியங்கிரி தலையாட்டினார். கடைசி வரியை மட்டும் மனசுக்குள் படித்தார். 'குறை: முட்டையைக் கொத்தித் தின்னும்.'

"தையில வெச்சுக்கலாம்" என்றவர், பப்ஸ் தட்டை மெல்ல நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.