வெள்ளைக்கு அடியில்

சிஷ்யருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆவுடையப்பன் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை.

காமிக்ஸ் புத்தகங்களின் அசல் தாள்களைச் சேர்ப்பவர் அவர். அச்சுக்குப் போவதற்கு முன் ஓவியர் தன் கையால் மை தொட்டு வரைந்த தாள்கள். அதில் தூத்துக்குடி ஜெசிந்தாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று கேள்விப்பட்டு வந்தவர், வந்த அன்றே அவரை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இந்தத் தடவை அவர் வந்தது உச்சி வெயிலில். கக்கத்தில் இரண்டு அட்டை உறைகள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“டீச்சர், இதுல எது அசல்?”

இரண்டு தாள்களையும் மேஜையில் விரித்தார். இரண்டும் ஒரே பக்கம், உரித்து வைத்தாற்போல. இடிச்சிறகன் கதையின் கடைசிக் காட்சி. ஒரு பக்கம் எதிரி தப்பி ஓடுகிறான். மறுபக்கம் வெள்ளத்தில் ஒரு குழந்தை பாலத்துத் தூணைக் கட்டிக்கொண்டிருக்கிறது. இடிச்சிறகன் எதிரியை விட்டுவிட்டுக் குழந்தையிடம் கை நீட்டுகிறான்.

சின்ன வயதில் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்து ஆவுடையப்பன் பார்த்த படம் அது. அன்றிலிருந்து அவர் முழுசாக நம்பியது அந்த முகமூடிக்காரன் ஒருத்தனைத்தான். சாமியிடம்கூட அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

“ஒண்ணு மதுரைக்காரர் அனுப்புனது. இன்னொண்ணு பெங்களூர்க்காரர். ரெண்டு பேரும் தன்னுதுதான் அசல்னு சத்தியம் பண்ணுதாங்க.”

“பதிலுக்கு என்ன கேக்காங்க?”

“எங்கிட்ட இருக்கிற எல்லாத் தாளையும்.”

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார்.

“ஆமா டீச்சர், குடுத்துருவேன். இவன் ஒருத்தன் போதும் எனக்கு. ஆனா எல்லாத்தையும் குடுத்துட்டுப் போலியை வாங்கிட்டா, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“ஓவியர் தப்பாப் போட்ட இடத்தை வெள்ளை பூசி மறைச்சிட்டு அதுமேல வரைவார், அதைப் பாருங்கன்னு சொன்னீங்க. பார்த்தேன். இடிச்சிறகன் நிக்கிற இடம் பூரா வெள்ளை. ரெண்டுலயும் அப்படித்தான் இருக்கு.”

“அசலைக் கண்காட்சியில வச்சப்ப எடுத்த போட்டோவைப் பார்த்து யாரும் பூசலாம்.”

“அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தார். ஒரு வெற்றுத் தாளும் தூரிகையும் மைப்புட்டியும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“ஒரு கை வரைங்க அண்ணாச்சி.”

“நானா? எனக்குக் கோலப்புள்ளிகூட நேரா வைக்க வராது.”

“வரைங்க.”

அவர் வரைந்தார். கை என்று சொன்னால்தான் கை. முருங்கைக்காயைக் கட்டி வைத்த மாதிரி இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. ஜெசிந்தா வெள்ளைப் புட்டியை நகர்த்தி வைத்தார். அவர் அவசர அவசரமாகப் பூசி மறைத்தார், விசிறியைப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டார், அதன்மேல் மறுபடி வரைந்தார். இந்தத் தடவை தேவலை.

“இந்த வெள்ளைக்கு அடியில என்ன இருக்கு?”

“வேறென்ன, என் முருங்கைக்காய்தான்.”

ஜெசிந்தா மேஜையில் கிடந்த இரண்டு தாள்களைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். ஆவுடையப்பனுக்குச் சட்டென்று பிடிபட்டது. மதுரைத் தாளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

வெள்ளைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் தாளில் வெள்ளை பூசி, மேலே வரைந்திருந்தார்கள்.

“ஆகா, மாட்டிக்கிட்டான்” என்றார். அடுத்துப் பெங்களூர்த் தாளைப் பிடித்தார்.

அதில் இருந்தது. வெள்ளைக்குள்ளிருந்து பழைய கோடுகள் மங்கலாக எழுந்து வந்தன. அகன்ற தோள், காற்றில் பறக்கும் அங்கி, முதுகு. ஓவியர் முதலில் வரைந்தபோது இடிச்சிறகன் எதிரியைத் துரத்தித்தான் ஓடிக்கொண்டிருந்தான். குழந்தை அவனுக்குப் பின்னால் தண்ணீரில் இருந்தது.

ஆவுடையப்பன் தாளை மெதுவாக மேஜையில் வைத்தார். அசல் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெசிந்தா கொண்டுவந்து வைத்த மோர் அப்படியே இருந்தது.

“டீச்சர், அவன் முதல்ல பிள்ளையை விட்டுட்டுப் போயிருக்கான்.”

“ஆமா.”

“இத்தனை வருசமா நான் இவனையா...” அவர் கை தன்னால் மதுரைத் தாளின் பக்கம் போனது. அதைத் தன்னிடம் இழுத்துக்கொண்டார்.

“போலின்னு தெரியுது. தெரிஞ்சேதான் கேக்கேன். இதுல அவன் ஒரு தடவைகூட முதுகைக் காட்டலை. நான் இதையே வச்சுக்கிடட்டுமா?”

“தாராளமா வச்சுக்கிடுங்க” என்றார் ஜெசிந்தா. இரண்டு தாள்களையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில், அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. பிள்ளைக்காகத் திரும்பி வந்தவன் எந்தத் தாள்ல இருக்கான்?”