பொன்னாடை வேண்டாம் என்றவள்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கால்வாய்க் கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. மங்கை அம்மை என்கிற துறவி அதை நடத்திவந்தார். காவி கட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிராது.

அந்த மடத்தில் பூஜையும் பஜனையும் குறைவு. சனிக்கிழமை காலையில், வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அங்கே வருவார்கள். புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி, புரையேறாமல் கஞ்சி கொடுப்பது எப்படி, தன் இடுப்பு ஒடியாமல் இன்னொருவரைத் தூக்குவது எப்படி என்று அம்மை செய்து காட்டுவார். வேறு உபதேசம் கிடையாது.

ஆவுடையம்மாளும் வருவாள். அம்மையைவிட மூத்தவள். அவள் புருஷன் சங்கரபாண்டி லாரி டிரைவர். லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காகக் கட்டில்தான். ஆவுடை அவருக்குக் கஞ்சி கொடுத்துக் கண்ணயர வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடிவருவாள். பாடம் பாதியில் இருக்கும்போதே அவள் காது வீட்டுப் பக்கம் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை எல்லாரும் கிளம்பிய பிறகும் அவள் நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“ஒரு நா எங்கயாவது போயி சும்மா இருக்கணும்னு தோணுது. அவரைப் பாக்காம, யாரையும் பாக்காம. இது பாவமா?”

“பாவம்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை. ஊர்ல எல்லாரும் என்னைத் தெய்வம்னுதான் சொல்லுதாவ.”

“அதைத்தான் கேட்டேன்,” என்றார் அம்மை.

ஆவுடைக்கு விளங்கவில்லை. அம்மை விளக்கவும் இல்லை.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் ஆவுடை வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது அம்மை வந்து நின்றார். தோளில் ஒரு துணிப்பை.

“நான் இங்க இருக்கேன். நீங்க போங்க.”

“எங்க?”

“எனக்கென்ன தெரியும்? போங்க.”

ஆவுடை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். இடது பக்கம் சாய்த்தால் அவருக்கு ஆகாது. கஞ்சியில் உப்புத் தூக்கலாக இருக்கணும். ஃபேனை ரொம்ப வேகமாக வைக்கக்கூடாது. அம்மை தலையாட்டிக்கொண்டே அவளைத் தெருவில் இறக்கிவிட்டார். அடிபம்பு வரை போனவள் திரும்பி ஓடிவந்தாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

“அம்மா, கதவைத் திறங்க! மாத்திரையைச் சொல்ல மறந்துட்டேன்.”

“அவரே சொல்லிட்டாரு.”

“முட்டுக்குக் கீழ தலகாணி வைக்கணும்.”

“அதையும் சொல்லிட்டாரு. பொழுது சாயட்டும், வாங்க.”

ஆவுடைக்கு ஆத்திரம் பொங்கியது. கதவை ஓங்கித் தட்டினாள்.

“இது என் வீடு! என் வீட்டுக் கதவை என் மூஞ்சியில சாத்துததுக்கு நீங்க யாரு?”

உள்ளேயிருந்து சங்கரபாண்டி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. அது அவளை இன்னும் சுட்டது.

கோபத்தோடு நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். அது பாபநாசம் போகிற பஸ். இறங்கி, ஒரு கிளப்புக் கடையில் உட்கார்ந்து இட்லி தின்றாள். தின்று முடிகிறவரை நடுவில் எழுந்திருக்கவில்லை. காப்பியைச் சூடாகக் குடித்தாள். பிறகு கோயில் மண்டபத்து நிழலில் சேலைத் தலைப்பை விரித்துச் சாய்ந்தாள். அவ்வளவுதான் தெரியும்.

பூக்காரி ஒருத்தி தோளைத் தொட்டு எழுப்பினாள். “ஏக்கா, மேலுக்கு முடியலையா?”

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள் ஆவுடை. சொன்ன பிறகுதான், அது நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவள் வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. அம்மை பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆவுடை கட்டிலுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றாள்.

“தூங்கினியா?” என்றார் சங்கரபாண்டி.

“ம்.”

“மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.”

“உங்களுக்கு வருத்தமா?”

“எனக்கும் இன்னைக்கு லீவுதான் ஆவுடை. என்னைப் புரட்டும்போதெல்லாம் இடுப்பு வலி தாங்காம நீ பல்லைக் கடிப்ப. அந்தச் சத்தத்தைக் கேக்காம ஒரு பகல் போச்சு.”

ஆவுடை தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அவர் கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

பாபநாசத்துச் சேதி அவளுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்திருந்தது. மறுநாள் சங்கரபாண்டியின் அண்ணன் பிரமநாயகம் வந்தார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். தம்பியின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும், பேசியது ஆவுடையிடம்தான்.

“மண்டபத்துல படுத்துத் தூங்கினியாமே?”

“ஆமா அத்தான்.”

“உன்னை வேற யாரும் ஒண்ணும் சொல்லிரக்கூடாதுன்னுதான் நான் சொல்லுதேன். இந்தக் கொடைக்கு உனக்குப் பொன்னாடை போத்துததா முடிவு பண்ணியிருக்கோம். நோட்டீஸும் அடிச்சாச்சு. ‘வாழும் தெய்வம்’னு போட்டிருக்கு. இந்த நேரத்துல இப்படிப் பண்ணலாமா?”

ஆவுடை அவர் போனதும் மடத்துக்குப் போனாள். அம்மை முற்றத்தில் பாய்களை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

“பொன்னாடையை வாங்கிக்கிடவா, வேண்டாம்னு சொல்லவா?”

“நீங்க மேடையில நிக்கும்போது அவர் கட்டில் பக்கத்துல யாரு இருப்பா?”

“அதை யாரும் கேக்கலையே அம்மா.”

அம்மை அடுத்த பாயை எடுத்து உதறினார்.

கொடையன்று சாயங்காலம் மேடை கட்டி, குழல்விளக்குப் போட்டு, ஊரே கூடியிருந்தது. பிரமநாயகம் மைக்கைப் பிடித்துக் கண்கலங்கப் பேசினார். கட்டிய புருஷனை ஒரு நிமிஷம்கூட விட்டுப் பிரியாத உத்தமி என்றார். பொன்னாடையைப் போர்த்தினார். மேளக்காரர்கள் ஒரு தட்டுத் தட்டினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை ஆவுடையிடம் கொடுத்தார்கள்.

அவள் மைக்கை வாய்க்கு நேரே பிடித்தாள்.

“ஒரு நிமிஷம்கூடப் பிரியாதவன்னு அத்தான் சொன்னாவ. அப்போ இங்க நிக்கது யாரு?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

“வெளிய பூட்டிட்டு வந்திருக்கேன். இப்ப அவருக்குத் தவிச்சா தண்ணி குடுக்க ஆளில்ல. இவ்வளவு பேரு இருக்கிய, ஒருத்தராவது நெனைச்சியளா?”

சிரிப்பு நின்றது. பிரமநாயகம் பக்கத்தில் வந்து, “ஏளா, போதும், எறங்கு,” என்றார்.

“எறங்கத்தான் போறேன் அத்தான்.” பொன்னாடையை மடித்து அவர் கையில் வைத்தாள். “இது எனக்கு வேண்டாம். எனக்கு வாரத்துல ஒரு நா வேணும். நான் தெய்வமெல்லாம் இல்ல. எனக்கு இடுப்பு வலிக்கி. யாராவது வந்து அவரைப் பாத்துக்கிடுங்க. எப்படிப் பாக்கணும்னு மடத்துல அம்மை சொல்லிக்குடுப்பாவ. யாரு வாரிய?”

மேளக்காரர்களுக்கு அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியவில்லை. ஒரு கையும் உயரவில்லை. ஆவுடை கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு இறங்கி, கூட்டத்துக்கு நடுவிலேயே வழி பண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் அவளை யாரும் தெய்வம் என்று சொல்லவில்லை. திமிர் பிடித்தவள் என்றார்கள். சனிக்கிழமை மடத்தில் அவள் முகம் தொங்கியிருந்தது.

“கேட்டேன் அம்மா. யாரும் வரலை.”

“இப்பத்தானே முதல் தடவையா கேட்டிருக்கிய,” என்றார் அம்மை.

ஆவுடை மறுபடியும் கேட்டாள். ரேஷன் கடையில் கேட்டாள், தண்ணீர்க் குழாயில் கேட்டாள், கோயில் வாசலில் கேட்டாள். அவள் வருவதைப் பார்த்துத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனவர்கள் உண்டு. அவளும் தெருவைக் கடந்து போய்க் கேட்டாள். கேட்கக் கேட்கக் கூச்சம் போயிற்று. சங்கரபாண்டி கட்டிலில் கிடந்தபடி, “இன்னைக்கு யாரைப் பிடிச்ச?” என்று விசாரிப்பார்.

ஒரு சனிக்கிழமை மடத்துப் படியில் லோகம் நின்றாள். பிரமநாயகத்தின் மனைவி. ஆவுடைக்கு மூத்த ஓரகத்தி.

“அக்கா, நீங்களா?”

“எங்கம்மா கெடையில கெடந்தப்போ நான் ஒத்தையிலதான் பாத்தேன் ஆவுடை. வாய் விட்டுக் கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல.” லோகம் செருப்பைக் கழற்றினாள். “எப்படிப் புரட்டணும், காட்டச் சொல்லு.”

லோகம் கற்றுக்கொண்டாள். புதன்கிழமைகளில் வந்து கொழுந்தனோடு இருக்கலானாள்.

அப்படி ஒரு புதன்கிழமை ஆவுடை மடத்து முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பிரமநாயகம் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். நேரே அம்மையிடம் போனார்.

“லோகம் எங்க?”

“உங்க தம்பிகூட இருக்காங்க.”

“உலை வைக்காமப் போயிருக்கா. முதல்ல இவளைக் கெடுத்திய. இப்போ என் பொண்டாட்டியையும் கெடுத்துட்டிய. இது என்ன மடமா?”

“மடந்தான்.”

“மேடையில வச்சு என் மானத்தை வாங்கினா. இன்னைக்கு ஊர்ல என்னைக் கூடப்பிறந்தவனைத் திரும்பிப் பாக்காதவன்னு பேசுதானுவ.” அவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். “அவனைத் தோள்ல தூக்கி வளத்தவன் அம்மா நான். அவன் விழுந்தான்னு சேதி வந்த அன்னைக்கு நான் சோறு திங்கலை. இப்பவும் கோயில்ல அவன் பேருக்குத்தான் முதல் அர்ச்சனை. எனக்கு அவன் மேல பாசம் இல்லேன்னா நெனைக்கிய?”

ஆவுடை எழுந்து நின்றாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

“பாசம் இருக்கு,” என்றார் அம்மை. “எந்தக் கிழமை வாரிய?”

பிரமநாயகம் பழக்கத்தில் ஆவுடை பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமாக, அவர் முகம் வாடுகிற போதெல்லாம் அவள் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. ‘பரவால்ல அத்தான், நானே பாத்துக்கிடுதேன்.’ அது இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது.

ஆவுடை வாயை இறுக மூடிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.