நீலப் பட்டைக்குக் கீழே

குரு வயதில் சின்னவர். சீடர் பெரியவர். ரெஜினா மேடம் நாற்பதைத் தொடவில்லை. அவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்த பரசுராமனுக்கோ தலை முழுக்க நரை. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். சிவில் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் குரு என்று குழம்பிப்போவார்கள்.

கல்லூரிக் கட்டடங்கள் எவ்வளவு உறுதியாக இருக்கின்றன என்பதுதான் பரசுராமனின் ஆராய்ச்சி. அன்று பிற்பகல் அதை வெளியூரிலிருந்து வரும் ஒரு குழுவின் முன்னால் திரையில் காட்டிப் பேச வேண்டும். மழைக்காலத்துக்கு முன் எந்தெந்தக் கட்டடத்தைப் பூட்டுவது என்று குழு அங்கேயே முடிவு செய்துவிடும்.

ஸ்லைடுகளை அவர் லேடெக் என்ற மென்பொருளில் செய்திருந்தார். அதில் மவுஸால் இழுத்து வைக்கிற வேலையெல்லாம் கிடையாது. எது எங்கே நிற்க வேண்டும் என்று கட்டளையாக எழுத வேண்டும். மனிதர் அதில் சொக்கிப்போய்விட்டார். ஓரம், இடைவெளி, தலைப்பின் உயரம் என்று ஒன்றையும் விடாமல் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார். ஆராய்ச்சியைவிட அலைன்மென்ட்டுக்குத்தான் அதிகம் பாடுபட்டார் என்பது என் சந்தேகம்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒரே ஒரு டவுட்."

"சொல்லுங்க சார்."

"இந்த அட்டவணையோட கடைசி வரி கீழே இருக்கிற பட்டையை ஒட்டிக்கிட்டு நிக்குது. மத்த ஸ்லைடுல எல்லாம் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு. இங்கேயும் அதே மாதிரி இடம் விடறது எப்படி?"

மேடம் பார்த்தார். அட்டவணை அழகாகத்தான் இருந்தது. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிசகாமல் நின்றன. பக்கத்தின் அடியில் தடித்த நீலப் பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் கல்லூரியின் பெயர்.

"லேடெக் எதுவும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும் மேடம்?"

"பக்கத்துல அடங்கலைன்னு."

"ஓ, அதுவா? நச்சுநச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நெட்ல தேடி ஒரு கட்டளை போட்டு அதோட வாயை அடைச்சிட்டேன்." பெருமையாகவே சொன்னார்.

 மேடம் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பட்டையை வரையச் சொன்ன கட்டளையைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் ஒரு சதவீதக் குறி வைத்தார். லேடெக்கில் அப்படி வைத்தால் அந்தக் கட்டளை இருந்தும் இல்லாத மாதிரி. பிறகு ஸ்லைடை மறுபடி ஓட்டினார்.

பட்டை போய்விட்டது. அது இருந்த இடத்தில் அட்டவணையின் இன்னொரு வரி இருந்தது.

முதன்மைக் கட்டடம், மாடி. எதிரே சிவப்பில் ஒரு எண். இருக்க வேண்டிய உறுதியில் பாதிகூட இல்லை.

பரசுராமன் திரையை நோக்கிக் குனிந்தார்.

"இது... இது எங்கேருந்து மேடம் வந்துச்சு?"

"உங்க அட்டவணைதான் சார். யார் அளந்தது?"

"பசங்க. அவங்க குடுத்த ஃபைலை அப்படியே அட்டவணையில கொட்டச் சொல்லிக் கட்டளை எழுதிட்டேன். உறுதி அதிகமானது மேல. குறைய குறைய..." சிவப்பு எண்ணில் விரலை வைத்தார். "குறைய குறையக் கீழ."

"மாடியில இப்ப யார் இருக்கா?"

"ஃபர்ஸ்ட் இயர். டிராயிங் கிளாஸ் நடக்குது."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேடம் வாசலைத் தாண்டிவிட்டார். அதிர்ந்துகூட நடக்காதவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடியதை அன்று கல்லூரியே பார்த்தது. பரசுராமனும் பின்னாலேயே ஓடினார்.

சற்று நேரத்தில் பிள்ளைகள் வரைபலகைகளோடு படியிறங்கினார்கள்.

"என்ன மேடம், லீவா?" என்று ஒருத்தி சந்தோஷமாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. மெதுவா இறங்குங்க. யாரும் ஓடாதீங்க."

கடைசிப் பெண்ணும் இறங்கிய பிறகு மேடம் மாடிக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். பரசுராமன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"அந்த ஸ்லைடை எத்தனை தடவை பார்த்திருப்பேன் மேடம். கோடு நேரா இருக்கான்னுதான் பார்த்தேன். என்ன காரியம் பண்ணியிருக்கேன் பாருங்க. நானே வாரா வாரம் அங்கே கிளாஸ் எடுக்கிறேனே."

 மேடத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு மேடம்."

"எனக்கும்தான் சார்."

பிள்ளைகள் மரத்தடியில் கூடிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.  கொஞ்ச நேரம் போனது. பரசுராமனுக்கு அந்தப் பயம் சற்றுத் தணிந்ததும் வேறொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"மேடம், குழு வர்ற நேரமாச்சு. பிரின்சிபால் அவங்களை அழைச்சிட்டு வர ஸ்டேஷனுக்குப் போயிருக்கார்."

"வரட்டும்."

"பசங்கதான் இறங்கிட்டாங்களே. இன்னிக்கு மட்டும் அந்தப் பட்டையைத் திரும்பப் போட்டுக் காட்டிடறேன். இந்த ஒரு வரியை அப்புறமா பிரின்சிபால்கிட்ட தனியாச் சொல்லிக்கலாமே?"

"ஏன் சார்?"

"பட்டை இல்லைன்னா அவர் என்னைச் சும்மா விட மாட்டார். எல்லா ஸ்லைடுலயும் காலேஜ் பேர் பளிச்சுன்னு தெரியணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார் மேடம்."

மேடம் மாடியை நிமிர்ந்து பார்த்தார். இறங்கிய அவசரத்தில் யாரும் நிறுத்தாததால், ஆளில்லாத வகுப்பில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"கவலைப்படாதீங்க சார். இது விழுந்தா காலேஜ் பேர் எல்லாப் பேப்பர்லயும் தெரியும்."