உலகம்மையார் கொத்திய மூன்று கோடுகள்

கருங்காலிப்பாறையில் பாரந்தாங்கி நாதர் என்ற திருப்பெயரோடு எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்கு அடியார்கள் பலர். பாமாலை பாடியவர்கள் உண்டு. பொன்மாலை சூட்டியவர்களும் உண்டு. நாம் சொல்ல வந்ததோ இந்த இரண்டுக்கும் வக்கில்லாத ஒருவரின் கதை. அம்மி கொத்திப் பிழைத்தவர். பெயர் உலகம்மை.

மலையடித் தெருவின் கடைசி வீடு அவருடையது. வீட்டின் பின்னால் பனங்கட்டைகளை நட்டு, மேலே ஓலை வேய்ந்து, வெயில் அடிக்கும் பக்கத்தில் ஒரு பழஞ்சேலையைத் தொங்கவிட்டிருந்தார். அதுதான் அவருடைய பட்டறை. மழை பெய்தால் ஒழுகும். காற்று அடித்தால் ஓலை பறந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "மதினி, ஒங்க கூரை எங்க வீட்டுக்கு விருந்தாட வந்திருக்கு" என்று கொடுத்துவிட்டுப் போவாள். ஊரிலுள்ள அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாம் அந்த ஓட்டைப் பந்தலில் பிறந்தவைதான்.

விடிந்ததும் உலகம்மையார் உளியும் சுத்தியலுமாகக் கோயில் தெப்பக்குளத்துக்குப் போவார். பாசி படிந்து வழுக்கும் படிகளை, அம்மியைக் கொத்துவதுபோலவே சொரசொரப்பாகக் கொத்திவிடுவார். நீராடி வரும் அடியார்களின் கால் வழுக்கக் கூடாது என்பது அவருடைய கவலை. அப்புறம் குளித்து, கொடிமரத்தடியில் நின்று நாதரைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் வாயில் கஞ்சி வைப்பார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தக் கல்லை எடுத்தாலும், முதல் வேலையாக அதன் அடிப்பக்கத்தில் திருநீற்றுப் பட்டைபோல மூன்று கோடுகள் கொத்துவார். "உனக்கு" என்று நாதரிடம் ஒரு வார்த்தை சொல்லுவார். பிறகுதான் மேல்வேலை. அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப்போனவை. உளியை அழுத்திப் பிடிக்க வராது. அதனால் மூன்று கோடுகளில் நடுக்கோடு மட்டும் எப்போதும் கோணிக்கொண்டு போகும். எவ்வளவு முயன்றும் நேராக வந்ததில்லை.

அந்த விரல்கள் நசுங்கிய கதையையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய கணவர் சுடலையாண்டியும் கல்வேலைக்காரர்தான். மலையிலிருந்து ஒரு பெரிய கல்லை இருவருமாக வீட்டுக்கு உருட்டிவந்தபோது, பட்டறை வாசலில் முட்டு நழுவிக் கல் புரண்டது. பிடித்து இழுக்கப்போன உலகம்மையாருக்கு விரல்கள் போயின. சுடலையாண்டிக்கு உயிரே போயிற்று. அதற்குப் பிறகுதான் உலகம்மையார் உளி பிடித்தார். கல் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதை உடைத்துத் தூரப் போடச் சொல்லி உறவுக்காரர்கள் எத்தனையோ முறை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை; தொடவுமில்லை.

இப்படியிருக்க, ஒரு பொங்கலுக்கு முன்னால் கோயில் தர்மகர்த்தா மகாராச பிள்ளை வீட்டில் வெள்ளையடித்தார்கள். அடுக்களை அம்மியை நகர்த்தும்போது அது புரண்டது. அடியில் திருநீற்றுப் பட்டை! அவர் மனைவி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. வீட்டுக்கு வீடு அம்மியைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே மூன்று கோடுகள், அதே கோணல்.

மகாராச பிள்ளை கெட்டவர் அல்லர். கோயில் காரியத்தில் கண்ணுங்கருத்துமாக இருப்பவர். ஆனால் கோபம் மட்டும் மூக்கின் மேல் நிற்கும். கோயில் முன்மண்டபத்தில் ஊரைக் கூட்டி, உலகம்மையாரை வரவழைத்தார்.

"ஏட்டி, ஒனக்குப் புத்தி பேதலிச்சிட்டா? சாமிப் பட்டையைக் கீழ போட்டு, அதுக்கு மேல நெத்திலியும் கருவாடும்லா அரைக்க விட்டிருக்க!"

உலகம்மையார் கைகூப்பினார். "ஐயா, கல்லு மலையில படுத்திருக்கும்போது மண்ணப் பாத்த பக்கந்தான் அதுக்கு முகம். சாமி செலை அடிக்கவங்களும் அந்தப் பக்கத்துலதான் முகம் வைப்பாவ. நான் நெத்தியிலதான் பூசுதேன் ஐயா. காலுல பூசல."

"அம்மிக்கு நெத்தியாம்லா!" என்று ஒருவர் சொல்ல, மண்டபமே கொல்லென்று சிரித்தது. பிள்ளைக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"வியாக்கியானம் வேண்டாம். ஊருல உள்ள கல்லெல்லாம் ஒன் வீட்டுக்குத் திரும்பி வரும். ஒன் கையாலயே அந்தக் கோட்டை அழி. அழிச்சா மன்னிச்சு விடுதேன். அதுவரைக்கும் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கொளத்துப் படியிலயும் உளி வைக்கக் கூடாது."

உலகம்மையாரின் கண்கள் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போயின. நாதரைப் பார்க்காமல் ஒருநாள்கூட இருந்தறியாதவர் அவர். ஒரு வார்த்தை சரியென்று சொன்னால் போதும். நாளைக் காலையே உள்ளே வரலாம். ஆனாலும் சொன்னார்:

"ஐயா, அவருக்குன்னு குடுத்தத நான் எப்படித் திரும்ப எடுப்பேன்? இந்தக் கைக்குக் கொத்தத்தான் தெரியும். அழிக்கத் தெரியாது."

சொல்லிவிட்டு வெளியே வந்தவர், குளக்கரை தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டியதும் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

கற்கள் திரும்பி வரத் தொடங்கின. சிலர் தலைகுனிந்து இறக்கிவைத்துப் போனார்கள். சிலர் பொத்தென்று போட்டுவிட்டு, "ஒன் சாமிய நீயே வச்சுக்கோ" என்று போனார்கள். உலகம்மையார் எவரையும் ஒரு சொல் சொல்லவில்லை. வந்த கல்லையெல்லாம் கழுவி, முகம் மண்ணைப் பார்க்க வரிசையாகப் படுக்கவைத்தார். பேச்சியம்மாள் மட்டும் தன் அம்மியைக் கொடுக்கவில்லை. கேட்க வந்த கோயில் ஆளிடம், "போவும் வே! மதினி கொத்துன அம்மி இல்லாட்டி எங்க வீட்டுக் கொழம்பு நாய்கூட நக்காது. பிள்ளைவாள வந்து அரைச்சுத் தரச் சொல்லும்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

வேலை நின்றது, அடுப்பும் பல நாள் நின்றது. குப்பைக்கீரையும் புளித்தண்ணியுமாகக் காலம் போயிற்று. அந்தக் காலத்தில் குளத்துப் படிகளில் பாசி ஏறியது. ஒருநாள் மகாராச பிள்ளையே, மடியாக நீராடி வரும்போது, வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சேதி கேட்ட உலகம்மையார் சிரிக்கவில்லை. "ஐயையோ, பலமா அடிபட்டுட்டா?" என்று பதறிப் பேச்சியம்மாளிடம் தைலம் கொடுத்தனுப்பினார்.

உளியைத் தொடாமல் இருக்கும் பகல்கள் அவரை வாட்டின. கடைசியில் ஒருநாள், சுடலையாண்டியைக் கொன்ற கல்லின் முன்னால் போய் நின்றார். அதன்மேல் கையை வைத்தார்.

"ஒன்மேல கோவமாத்தான் இருந்தேன். நீ என்ன செய்வே? முட்டு நழுவிட்டு. நீயும் எங்க வீட்டுக்காரரு கொண்டுவந்த பொருள்தான். வா, ஒன்னையும் நாதருக்கே குடுத்துடுதேன்" என்றார்.

அது உரல் செய்கிற அளவுள்ள கல். ஆனால் முதலில் அடியில் கோடு போட வேண்டுமே! தனியாளாகப் புரட்ட முடியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கல்லுக்குக் கீழே மண்ணைத் தோண்டினார். ஆள் நுழையும் அளவு பள்ளம் ஆனதும், அதற்குள் மல்லாந்து படுத்து, மேலே பார்த்துக் கொத்தினார். கணவரைக் கொன்ற கல்லுக்கு அடியில், கண்ணிலும் வாயிலும் தூள் கொட்ட, "உனக்கு, உனக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்று கோடுகள் போட்டு முடித்தார். எட்டிப் பார்த்தவர்கள் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். அவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, பள்ளத்தை மூடி, சில நாளில் உரலின் குழியையும் தோண்டி முடித்தார்.

அதே வேளையில் கோயிலில் குடமுழுக்கு ஏற்பாடுகள் நடந்தன. பாரந்தாங்கி நாதரின் லிங்கத்தைத் தாங்கும் பீடமான ஆவுடையார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாலாலயம் செய்து சுவாமியைக் கலசத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, ஆவுடையாரைத் தூக்கி நேராக நிறுத்துவதற்கு வைத்தியலிங்க ஸ்தபதி வந்திருந்தார். தூக்கி வைத்ததும் அது அசையாதபடி சுற்றிலும் அட்டபந்தன மருந்து சாத்த வேண்டும். அரக்கும் குங்கிலியமும் மெழுகும் வெண்ணெயும் இன்னும் சிலவும் சேர்த்து உரலில் இடித்துச் செய்கிற சாந்து அது. இடிக்க இடிக்க வெண்ணெய்போல இளக வேண்டும். மருந்து தயாராகாமல் பீடத்தை அசைக்கமாட்டேன் என்று ஸ்தபதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மருந்து இளகவில்லை. ஆள் மாற்றி ஆள் இடித்தும் மணலாகவே உதிர்ந்தது. கோயில் உரல் இரண்டாகப் பிளந்தது. மடைப்பள்ளி உரலைக் கொண்டுவந்தார்கள். அதுவும் விரிசல் விட்டது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. மகாராச பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த ஊரில் வேறு பெரிய உரலே இல்லையா?" என்று ஸ்தபதி கேட்டார்.

எல்லாரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். "ஒண்ணு இருக்கு" என்றார் அவர் தரையைப் பார்த்து. "ஆனா அது ஆகாது. அடியில பட்டை போட்ட கல்லு."

"ஐயா, மருந்து இல்லையென்றால் குடமுழுக்கு இல்லை. நீங்கள் வராவிட்டால் நான் போய்க் கேட்கிறேன்" என்று ஸ்தபதி எழுந்தார்.

வீட்டு வாசலில் ஸ்தபதியைக் கண்டதும் உலகம்மையார் பதறி எழுந்தார். விவரம் கேட்டார். தன்னை விலக்கிவைத்ததைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினாரா? இல்லை. "அவரு உரலுக்கு அவரு ஆளனுப்பியிருக்காரு. இதுல கேக்க என்ன இருக்கு? பாத்து உருட்டுங்க, யாருக்கும் அடிபட்டுறக் கூடாது" என்றார். உருளைக் கட்டைகள் போட்டு உரலைக் கோபுரவாசல்வரை உருட்டிப் போனார்கள். அவரும் கூடவே தள்ளிக்கொண்டு வந்தார். வாசல் வந்ததும் கையை எடுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

உள்ளே உலக்கைகள் விழுந்தன. கொஞ்ச நேரத்திலேயே மருந்து திரண்டது, பிறகு குழைந்தது, பிறகு கையில் எடுத்தால் இழுபட்டு வந்தது. மண்டபமெங்கும் "ஹர ஹர மகாதேவா!" என்ற முழக்கம் எழுந்தது. மகாராச பிள்ளை மட்டும் அந்த உரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஆவுடையாரைத் தூக்க வேண்டும். சுற்றிலும் இறுகியிருந்த பழைய மருந்தை உடைத்தார்கள். எந்தத் தலைமுறையில் சாத்தியதோ, அது பாறையாகவே ஆகியிருந்தது. ஓர் ஊசி நுழைய இடமில்லை. லிங்கத்தின் மேற்பகுதியான பாணத்தைத் தனியே எடுத்துப் பட்டில் கிடத்தினார்கள். சங்கிலி கட்டி ஆவுடையாரைத் தூக்கி, மண்டபத்துக்குக் கொண்டுவந்து சாய்த்தார்கள்.

சாய்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஆவுடையாரின் அடிப்பக்கம் முழுவதும் கோடுகள். மூன்று மூன்றாக, ஒன்றையொன்று ஒட்டி, இடமே மிச்சமில்லாமல், சின்னதும் பெரிதுமாக. நேற்றுக் கொத்தியதுபோல வெள்ளைவெளேரென்று இருந்தன. தொட்டால் கல்தூள் கையில் ஒட்டியது. ஒவ்வொரு பட்டையிலும் நடுக்கோடு கோணியிருந்தது.

"இது மனிதர் கை எட்டுகிற இடமே இல்லையே!" என்றார் ஸ்தபதி.

மகாராச பிள்ளை குனிந்து ஒரு கோட்டை விரலால் தடவினார். அவர் வீட்டு அம்மியில் பார்த்த அதே கோணல். "அடப் பாவி, நான் யாரை வெளிய நிறுத்தினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மேல்துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் கோபுரவாசலுக்கு ஓடினார். அங்கே நின்றிருந்த உலகம்மையாரின் முன்னால் தரையில் விழுந்தார்.

"ஆத்தா! நான் அழிக்கச் சொன்னேனே, அதை அவரு தன் அடியில வாங்கி வச்சிருக்காரு ஆத்தா! உள்ள வாங்க!"

உலகம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்திரிங்க ஐயா, பெரியவுக விழலாமா?" என்று தவித்தார். பிள்ளை அவரைக் கையோடு அழைத்துவந்து ஆவுடையாரின் முன்னால் நிறுத்தினார். அவர் பார்த்தார். முதலம்மியில் கொத்திய சின்னப் பட்டை ஒரு மூலையில் இருந்தது. நடுவில், எல்லாவற்றிலும் பெரிதாக, மல்லாந்து படுத்துக் கொத்திய பட்டை. அதன் ஓரத்தில் தூள்கூட இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

கூட்டம் முழுவதும் அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தது. அவர் நசுங்கிய விரல்களால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என் சாமி! அத்தனை அடியும் ஒம்மேலயா விழுந்துது? சொல்லியிருக்கக் கூடாதா? மெள்ளக் கொத்தியிருப்பேனே!"

இதைக் கேட்டபின் அந்த மண்டபத்தில் அழாதவர் எவருமில்லை. உலகம்மையார் தம் கையாலேயே முதல் உருண்டை மருந்தை எடுத்துக் கொடுக்க, ஸ்தபதி ஆவுடையாரை நிறுத்திப் பாணத்தைப் பொருத்திச் சாத்தினார். நாதர் நேராக நின்றார். குடமுழுக்கு ஊர் இதுவரை காணாத சிறப்போடு நடந்தது.

மறுநாள் மலையடித் தெருவில் ஒரு காட்சி. ஊரே அவரவர் கல்லைத் திரும்ப வாங்க வந்து நின்றது. முதல் ஆளாக வந்த மகாராச பிள்ளை தம் வீட்டு அம்மியைத் தாமே தலையில் தூக்கிவைத்துக்கொண்டார். கழுத்து நெரிய, வேர்த்து விறுவிறுக்க, தெருவழியே நடந்தார். "பாத்துப் போங்க அண்ணாச்சி, நெத்திய மேல பாக்க வச்சுடாதிய!" என்று பேச்சியம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தாள். பிள்ளையும் சிரித்துவிட்டார்.

உலகம்மையார் அங்கே இல்லை. உளியோடு தெப்பக்குளத்துக்குப் போயிருந்தார். படிகளில் பாசி நிறைய ஏறிக் கிடந்ததல்லவா? கண்காணாத இடத்தில் கோணலாய்க் கொத்திய கையை நாதர் தம் அடியில் தாங்கினார். அந்தக் கையை நாம் நம் தலைமேல் தாங்கி வணங்குவோம்.