அரிவாளோடு வந்த வரி

முன்னொரு காலத்தில், நெல்லாறு பாயும் நாட்டை விசித்திரமாறன் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். பெயருக்கேற்ற குணம். காலையில் பரிசாகக் கொடுத்த யானையை மாலையில் திருப்பிக் கேட்பார். மறுநாள் அதற்கொரு குட்டியும் சேர்த்து அனுப்புவார்.

அந்த ஆண்டு நெல்லாற்றில் பெருவெள்ளம் வந்து வடிந்திருந்தது. துறையில் தோணி ஓட்டும் தோணியப்பர் அதைப் பற்றி நான்கு வரிப் பாட்டொன்று எழுதி அரண்மனைக்கு அனுப்பினார். அதற்கு உரை சொல்லும் வேலை தலைமைப் புலவர் திரிபுராந்தகருக்கு. ஓடக்காரன் பாட்டுக்குத் தான் உரை சொல்வதா என்று அவருக்கு எரிச்சல்.

சபையில் எழுந்தார். வரிசையாக ஐம்பத்திரண்டு பழம்பாட்டுகளை முழங்கினார். எது யார் பாடியது, எதற்காக வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. மன்னர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் தோணியப்பர் பாட்டிலிருந்து ஒரே ஒரு துண்டு:

"‘கரை இருந்தும் காவல் இல்லை.’ மன்னா, உங்களைத்தான் சொல்கிறான். இதற்கு மேல் உரை எதற்கு?"

மன்னர் முகம் சிவந்தது. "அந்த ஆளை நாளைப் பொழுது சாய்வதற்குள் நாடு கடத்துங்கள். இனி என் முன்னால் யாரும் ஒரு பாட்டை முழுசாகப் படிக்கக் கூடாது. காது வலிக்கிறது."

சபையின் கடைசி வரிசையில் ஏடு படியெடுக்கும் உமையாள் எழுத்தாணியைக் கீழே வைத்தாள். உப்பு விற்கிற வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் அவள். அந்தப் பாட்டைப் படியெடுத்ததும் அவள்தான். மற்ற மூன்று வரிகளும் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு மனிதர் ஊரை இழப்பார்.

"அரசே," என்றாள். "அந்த வரிக்கு முன்னும் பின்னும் வேறு இருக்கிறது."

"உப்பு அளக்கிற கைக்கு உரை எதற்கம்மா?" என்றார் புலவர். சபை சிரித்தது.

மன்னருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "நாளைக் காலை நீ உரை சொல். முழுப்பாட்டு கூடாது, நினைவிருக்கட்டும். எனக்கு விளங்காவிட்டால் அந்த ஓடக்காரரோடு நீயும் அதே தோணியில் ஏறு."

மறுநாள் விடிந்ததும் உமையாள் கட்டியக்காரரிடம் ஓடினாள். சபைக்கு வருகிறவர் யார், எந்த ஊர், என்ன காரியம் என்று உரக்கச் சொல்லி அழைத்து வருபவர் அவர்.

"ஐயா, இன்றைக்கு ஒரே ஒரு ஆளை மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே விடுங்கள்."

"என் தலை எனக்கு வேண்டும், தாயி."

"என் தலையும் அதே கத்திக்குக் கீழேதான் இருக்கிறது, ஐயா."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் எப்படி மறுப்பார்?

சபை கூடியது. உமையாள் எழுந்து கும்பிட்டாள். அடுத்த நொடி, பனைமரம் போல ஒரு மனிதர், கையில் பளபளக்கும் அரிவாளோடு விறுவிறுவென்று உள்ளே வந்து மன்னர் முன்னால் நின்றார். பேசவில்லை. காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள். புலவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

"யார் இவன்? எங்கிருந்து வந்தான்? எதற்கு வந்தான்?" என்று மன்னர் அரியணையில் காலைத் தூக்கிக்கொண்டார்.

"இந்த மூன்று கேள்வியையும் நேற்று வந்த வரியிடம் யாரும் கேட்கவில்லை, அரசே," என்றாள் உமையாள். "இவரை இப்போது முறைப்படி வரச் சொல்லட்டுமா?"

அரிவாள்காரர் வெளியே போனார். கட்டியக்காரர் முழங்கினார்: "அரண்மனைப் பலாத்தோப்புக் காவலர் மாசாணம், இந்தப் பருவத்தின் முதல் பழத்தை மன்னருக்கு அறுத்துத் தர வருகிறார்." அதே மாசாணம், அதே அரிவாள், தோளில் மட்டும் ஒரு பலாப்பழம். வாசனை சபையை நிறைத்தது.

மன்னர் மெல்லக் காலைக் கீழே இறக்கினார். "பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஆளை மட்டும் அனுப்பினாயா? கெட்டிக்காரி. இப்போது வரிக்கு வா."

உமையாள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தோணியப்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவர், அரசே. தண்ணீர் ஏறியபோது ஊரார் பயந்து, ‘கரை இருந்தும் காவல் இல்லை’ என்று அழுததாகச் சொல்கிறார். அழுதது ஊர், அவர் அல்ல. அந்த அழுகை எப்போது நின்றது? ‘மண்வெட்டியோடு மன்னன் வந்து’ நின்றபோது. அதன் பிறகு ‘ஊர் உறங்கியது, ஆறு விழித்திருந்தது’ என்று முடிக்கிறார். தூக்கம் வராமல் விழித்திருப்பவர் யார்? பயந்தவர்தானே. ஊரின் பயம் உங்களைக் கண்டதும் ஆற்றுக்குப் போய்விட்டது. அதைத்தான் இந்த நான்கே சொல்லில் வைத்திருக்கிறார்."

மன்னர் தம் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் மண்வெட்டி பிடித்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான்கு நாள் கொப்புளம்."

பிறகு தூண் பக்கம் திரும்பினார். "புலவரே, நேற்று ஐம்பத்திரண்டு பாட்டை அழைத்து வந்தீரே, அதில் ஒன்றாவது எதற்கு வந்தது?"

"அழகுக்கு, மன்னா."

"அழகுக்கு என் வீட்டில் மயில் இருக்கிறது. பதினைந்து நாள் கட்டியக்காரருக்கு ஓய்வு. வாசலில் நீர் நில்லும். வருகிறவர் பெயரும் ஊரும் காரியமும் கேட்டு அழைத்து வந்து பழகும். உரை சொல்லும் இருக்கை இன்றுமுதல் உமையாளுக்கு."

உமையாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்; இருக்கை பத்தடி தள்ளி இருந்தது. இந்த முறை சபை சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள்.

புலவர் வாசலுக்குப் போனார். அங்கே முதலில் நின்றது, நாடு கடத்தப்படக் காத்திருந்த ஓடக்காரர்.

"தோணியப்பர்," என்று முணுமுணுத்தார் புலவர்.

மன்னர் தொண்டையைச் செருமினார்.

புலவர் நிமிர்ந்தார். "நெல்லாற்றுத் துறைத் தோணியப்பர். வெள்ளத்தையும் மன்னரையும் பாடியவர். நான்..." விழுங்கிக்கொண்டார். "நான் பாதியில் வெட்டிய பாட்டின் முழு உரிமையாளர், வருகிறார்."

தோணியப்பர் ஒரு துணி மூட்டையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார். சுற்றிலும் பார்த்தார். முகங்களைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

"சாமி, ரெண்டு வேட்டியும் ஒரு சட்டியும் கட்டி எடுத்துட்டு வந்தேன். மூட்டைய அவுத்துரலாமா, இல்ல கிளம்பணுமா?"

"அவிழ்த்துவிடும், தோணியப்பரே," என்றார் மன்னர். "முதலில் பலாச்சுளை சாப்பிடும்."

தோணியப்பர் ஓட்ட, தோணி மறுபடி அக்கரைக்குப் போனது. கதை இக்கரையில் இறங்கிக்கொண்டது.